மைக்கை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

பொழுதுபோக்காக வாத்தியம் வாசிப்பதையும், வாசித்ததை வீட்டிலேயே பதிவு செய்வதையும் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். எந்த மைக் வாங்கலாம் என்ற ஒரே கேள்வியைப் பல கடிதங்கள் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கின்றன. அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடமே தந்திருக்கிறேன்; முதலில் காதைப் பற்றிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 56. மூன்று ஆண்டுகளாக வயலின் கற்று வருகிறேன். வாசிக்கும்போது நிறைவாகவே இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் நாராசமாக ஒலிக்கிறது. பழுது கைப்பேசியிலா, என்னிடமா?

பதில்: இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் வருந்தமாட்டீர்கள் என நம்புகிறேன். வாசிக்கும்போது உங்கள் இடக்காது வயலினிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, வாத்தியத்தின் அதிர்வு உடலின் எலும்புகள் வழியாகவும் உள்ளே போகிறது. அந்த நெருக்கத்தில் கேட்கும் செழுமையான நாதம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. பதிவில் நீங்கள் முதன்முறையாகக் கேட்டது அந்த எதிர் ஆளின் வயலினை. பழகாத ஒலி என்பதாலேயே அதில் பாதி அதிர்ச்சி.

கைப்பேசியின் பங்கு வேறு. பேச்சைத் தெளிவாகப் பதிவதற்கென்று அமைந்த கருவி அது. ஒலி தாழ்ந்தால் தானே தூக்கிக்கொள்ளும், உயர்ந்தால் தானே அமுக்கிவிடும். உங்கள் பதிவில் இரண்டு சங்கதிகளுக்கு நடுவே வில்லை எடுக்கும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். மின்விசிறியின் இரைச்சல் மெல்ல எழும்பி வருவதும், வில் மீண்டும் தந்தியைத் தொட்டவுடன் அது சட்டென்று அடங்குவதும் கேட்டால், கைப்பேசி உங்கள் வாசிப்பின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் தட்டையாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒலி அளவை நாமே நிர்ணயிக்க இடம் தரும் பதிவுச் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, தானியங்கி அளவை நிறுத்திவிட்டு, கைப்பேசியை இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேசையின் அதிர்வு நேரே கைப்பேசிக்குள் போகாமல் இருக்கத்தான் துண்டு.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சும் குறை உங்களுடையது. அதைப் பதிவு செய்த அன்றே கேட்க வேண்டாம். வாசித்த கை சூடாக இருக்கும்போது காது நியாயம் பேசாது. மறுநாள் கேளுங்கள், கேட்கும்போது சுருதியை மட்டும் கவனியுங்கள். எந்த ஸ்வரத்தில் விரல் வழக்கமாகக் கீழே நிற்கிறது என்பது மூன்று பதிவுகளிலேயே தெரிந்துவிடும். நடை, வில்லின் அழுத்தம், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) எல்லாம் அடுத்தடுத்த வாரங்களுக்கு இருக்கட்டும்.

கேள்வி: முதல் மைக்காக எதை வாங்கலாம்? டைனமிக், கண்டென்சர், யு.எஸ்.பி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: முதல் ஆறு மாதங்களுக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் விடை. மேலே சொன்னபடி கைப்பேசியை வைத்தே, அறையில் எந்த இடம் நன்றாக ஒலிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். அந்த அறிவு பின்னால் எந்த மைக் வாங்கினாலும் பயன்படும்.

அதன் பிறகும் ஆசை தணியாவிட்டால், அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்டென்சர் மைக் நுட்பமான ஒலிகளையும் வாங்கும். வீணை, புல்லாங்குழல், கிட்டார் போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் தெருவில் போகும் வண்டியையும் அதே அக்கறையோடு வாங்கும். அது இயங்குவதற்குக் கேபிள் வழியாக 48 வோல்ட் மின்சாரம் தரவேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கும். டைனமிக் மைக் சற்று மந்தமானது. வாத்தியத்துக்கு அருகே வைத்தால் சுற்றுப்புறச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். 1965-இல் வெளிவந்த ஷூர் எஸ்.எம்.57 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைகளிலும் பதிவுக்கூடங்களிலும் புழங்குகிறது என்பதிலிருந்தே, புதிய மாடல்களின் பின்னால் ஓட வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். யு.எஸ்.பி. மைக்கைக் கணினியில் நேரே சொருகிவிடலாம். ஒரே வாத்தியம், ஒரே ஆள் என்றால் அது போதும். பின்னாளில் இரண்டு மைக்குகள் தேவைப்படும் என்று தோன்றினால், தொடக்கத்திலேயே இன்டர்ஃபேஸும் சாதாரண மைக்குமாக வாங்குவது நல்லது.

கேள்வி: என் அறையில் எதிரொலி அதிகம். சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டினால் பதிவறைபோல ஆகிவிடும் என்கிறார் நண்பர். வெளிச்சத்தமும் நிற்குமாமே?

பதில்: நண்பரின் நட்பைக் காப்பாற்றுங்கள், யோசனையை விட்டுவிடுங்கள். அந்த அட்டை வெளிச்சத்தத்தை நிறுத்தாது. ஒலி வெளியிலிருந்து வராமல் தடுப்பது கனமும் இடைவெளியின்மையும்தான். செங்கல் சுவரும், விளிம்பில் ரப்பர் ஒட்டி இறுக மூடும் கதவும் அந்த வேலையைச் செய்யும். உள்ளே எழும் ஒலி திரும்பத் திரும்ப எதிரொலிக்காமல் உறிஞ்சிக்கொள்வது வேறொரு வேலை. அதற்குத் தடிமனும் காற்று புகும் தன்மையும் வேண்டும். கனமில்லாததால் முட்டை அட்டை முதல் வேலைக்கு உதவாது. தடிமனில்லாததால் இரண்டாவது வேலையை அரைகுறையாகச் செய்யும். காய்ந்த காகிதக்கூழ் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தடிமன் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் ஆதார ஸ்வரமான சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது என்பதால், அந்த ஸ்வரத்தின் அலைநீளம் 2.6 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சுவரில் ஒட்டிய பொருள் ஓர் அலையை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை நெருங்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே அது 65 சென்டிமீட்டர். நான்கைந்து சென்டிமீட்டர் அட்டை இதற்கு எம்மாத்திரம்? மேல் ஸ்தாயியின் மினுமினுப்பை மட்டும் அது கொஞ்சம் மங்கவைக்கும்; கீழ் ஸ்தாயியின் முழக்கம் அப்படியே நிற்கும். அறை முன்பைவிட மோசமாக, பீப்பாய்க்குள் இருந்து வாசிப்பதுபோல ஒலிக்கும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் 'ட்ரிங்' என்று உலோகத்தைச் சுண்டியதுபோல ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடிக்கொண்டிருக்கின்றன. இரண்டடி நகர்ந்து மறுபடி தட்டுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே தட்டுங்கள். பிறகு புத்தக அடுக்குக்கு அருகே, அதன்பின் கட்டில் மெத்தைக்குப் பக்கத்தில். ஓர் இடத்தில் அந்த நடுக்கம் மறைந்து, கைதட்டல் வெறும் 'டப்' என்று முடிந்துவிடும். உங்கள் பதிவறை அந்த இடம்தான். மெத்தையை மூலையில் நிமிர்த்திச் சாய்த்துவைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் கீழ் ஸ்தாயி ஒலிகள் மூலைகளில்தான் குவிகின்றன. அதே காரணத்தால் நீங்களும் மூலையில் உட்காராதீர்கள். அறையின் சரிநடுவையும் தவிர்த்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

வெளிச்சத்தத்துக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: ஊர் அடங்கிய பிறகோ, விழிப்பதற்கு முன்போ பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வீணையைப் பதிவு செய்தால் நாதத்தைவிட நகம் படும் ஓசையும், தண்டியின் மேலுள்ள உலோக மெட்டுகளில் விரல் உரசும் ஓசையுமே பெரிதாகக் கேட்கின்றன. என்ன செய்வது?

பதில்: மைக்கை மீட்டும் கைக்கு நேராக, மிக அருகில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வாத்தியத்தின் ஒலி ஒரே துளையிலிருந்து பீறிட்டு வருவதில்லை. வீணையில் குடம், மேல்பலகை, தண்டி என்று ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது; இவை காற்றில் ஒன்றுகலப்பதற்கு அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். மைக்கை முன்புறம் 50 சென்டிமீட்டர் தள்ளி, குடத்துக்கும் மெட்டுகள் முடியும் இடத்துக்கும் நடுவே குறிபார்த்து வையுங்கள். நக ஓசை மிகுந்தால் மைக்கை இடக்கைப் பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள்; விரல் உரசல் மிகுந்தால் குடத்தின் பக்கம் திருப்புங்கள். விரல் அகலம் நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொருவரை மைக்கை மெல்ல நகர்த்தச் சொல்லி, வாசித்தபடியே கேட்டு இடம் தேடுவது இந்த வேலையிலேயே இன்பமான பகுதி.

ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் வகை மைக்குகளை வாத்தியத்துக்கு ஒரு சாணுக்குள் கொண்டுபோனால், கீழ் ஸ்தாயி இயல்புக்கு மீறிப் பருத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்டார் வாசிப்பவர்கள் ஒலித்துளைக்கு நேரே மைக் வைத்துவிட்டு 'பொம் பொம்' என்று கேட்பதாகக் குறைப்படுவது இதனோடு சேர்ந்த கதை. அவர்கள் 12-ஆவது மெட்டுக்கு நேராக வைத்துப் பார்க்கட்டும். புல்லாங்குழலுக்கு ஊதுதுளையை விட்டு விலகி, விரல் துளைகளை நோக்கி, சற்று மேலிருந்து. மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்றால் முன்னால் முக்கால் மீட்டரில். வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தால், ஒன்றின் அலையைத் தலைகீழாக்கும் வசதியை மென்பொருளில் அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பியின் கும்காரம் கனமாகக் கேட்கிறதோ அந்த நிலையே சரியானது.

வீணைக்காரர்களுக்கு இன்னொன்று. காணொளியும் எடுக்கும் ஆசையில் சூடான விளக்குகளை அருகில் வைக்காதீர்கள். மெட்டுகளைப் பிடித்துவைத்திருப்பது மெழுகு. அது இளகினால் ஸ்வரஸ்தானமே நகர்ந்துவிடும்.

கேள்வி: புல்லாங்குழலும் மிருதங்கமும் இரண்டையுமே நான் வாசிப்பேன். முதலில் குழலைப் பதிவு செய்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மிருதங்கம் வாசிக்கிறேன். வாசிக்கும்போது தாளம் சரியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் மிருதங்கம் பின்தங்கி ஓடிவருகிறது. எனக்குத் தாள ஞானம் போதாதா?

பதில்: உங்கள் தாள ஞானத்தைச் சந்தேகிக்கும் முன், உங்கள் ஹெட்போன் கம்பியில்லாத புளூடூத் வகையா என்று சொல்லுங்கள். கடிதத்தில் அதை எழுதவில்லை. ஆனால் நீங்கள் விவரிக்கும் நோய்க்கு அதுவே வழக்கமான காரணம்.

புளூடூத் ஹெட்போனில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டு உங்கள் காதுக்கு வருவதற்குள் 200 மில்லி வினாடி போல ஆகிவிடுவது சாதாரணம். ஒரு மில்லி வினாடியில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும். ஆக, ஏறக்குறைய 68 மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருக்கும் குழல் கலைஞருக்கு நீங்கள் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, வைத்துக்கொண்டால் ஓர் அட்சரத்துக்கு 800 மில்லி வினாடி. அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் அதன் நான்கில் ஒரு பங்கு சரியாக 200. அதாவது 'தகதிமி'யில் 'த' விழவேண்டிய இடத்தில் விழாமல், உங்கள் 'த' போய் 'க'வின் மேல் உட்காருகிறது. காதுக்கு வந்த தாளத்தை நீங்கள் பிசகாமல் பிடித்திருக்கிறீர்கள். காதுக்கு வந்ததே தாமதமாக வந்தது.

கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள். அதன் பிறகும் சிறு தாமதம் இருந்தால், மென்பொருளில் பஃபர் என்ற அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, பாருங்கள். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் (44.1 கிலோஹெர்ட்ஸ்) பதிவில் பஃபர் 1024 என்றிருந்தால் ஒரு வழிக்கே 23 மில்லி வினாடி. 256-க்குக் குறைத்தால் 6-க்குள் வந்துவிடும். கணினி திணறி இடையிடையே 'டிக் டிக்' என்று வெட்டினால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவு மென்பொருள் தனக்குத் தெரிந்த தாமதத்தைத் தானே ஈடுகட்டிவிடும். புளூடூத் கருவிக்குள் நடப்பது பெரும்பாலும் அதற்குத் தெரிவதில்லை. மிச்சம் எவ்வளவு என்று அறிய, தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் ஒலியை ஹெட்போனில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்துப் பதிவு செய்யுங்கள். மூல ஒலிக்கும் பதிந்த ஒலிக்கும் இடையே திரையில் தெரியும் இடைவெளிதான் உங்கள் கருவியின் தாமதம். இரண்டாவதாகப் பதிந்த ஒலிவரியை, அதாவது டிராக்கை, அவ்வளவு முன்னே இழுத்துவிட்டால் போதும்.

பதிவின் வரிசையையும் மாற்றச் சொல்வேன். முதலில் சுருதியை மட்டும் தனி டிராக்காக வையுங்கள். அதன்மேல் மெட்ரோனோமைக் கேட்டுக்கொண்டு, உருப்படியை ஏனோதானோ என்றாவது குழலில் முழுவதும் வாசித்துவிடுங்கள். இது வழிகாட்டி மட்டுமே, பின்னால் அழித்துவிடலாம். அந்த வழிகாட்டியைக் கேட்டு மிருதங்கம், பிறகு அந்த மிருதங்கத்தைக் கேட்டு உண்மையான குழல். இரண்டாவது முறை வாசிக்கும் குழலில் வரும் சுதந்திரம் முதல் முறையில் வருவதேயில்லை.

நீங்கள் செய்வது பழைய வித்தைதான். 1948-இல் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர், ஓர் இசைத்தட்டில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே மறு தட்டில் அடுத்த பகுதியைச் சேர்த்து, எட்டுக் கிட்டார்ப் பகுதிகளையும் தாம் ஒருவராகவே வாசித்துப் பதிவு செய்தார். நடுவில் ஒரு பிழை வந்தால் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். கசெட்டில் நான்கு டிராக்குகளைத் தனித்தனியே பதியும் கருவி வீட்டுக்கு வந்தது 1979-இல்தான்.

கேள்வி: 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் மென்பொருள் கேட்கிறது. எது நல்லது? மூன்று நிமிடப் பதிவே இவ்வளவு இடம் பிடிக்கிறதே?

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் ஆகும். அது பெரிய இடமல்ல. ஒவ்வொரு மாதிரியையும் நுணுக்கமாகக் குறிக்கும் 24 பிட்டின் உண்மையான பயன், அளவைத் தாழ்த்தி வைத்துப் பதியலாம் என்பதே. மிகப் பலமாக வாசிக்கும் இடத்தில் ஒலி அளவைக் காட்டும் மானி மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். மானியின் உச்சமான பூஜ்யத்தைத் தாண்டி முறிந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது. தாழ்ந்த ஒலியைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். எம்.பி.3-ஆக மாற்றுவது பிறருக்கு அனுப்பும்போது மட்டும்.

கேள்வி: ஒரே உருப்படியை முப்பது தடவை பதிவு செய்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு பிழை. நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டினால் அது ஏமாற்று வேலையா?

பதில்: கிளென் கூல்ட் என்ற புகழ்பெற்ற பியானோ மேதை 1964-இல் மேடைக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டு, பதிவுக்கூடத்தில் வெட்டி ஒட்டுவதை வெளிப்படையாகவே ஆதரித்து எழுதினார். அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? ஆனால் இதை ஒரு தேர்வுக்கோ போட்டிக்கோ அனுப்புவதாக இருந்தால் விதிகளைப் படியுங்கள்; அங்கே ஒட்டு வேலை பொய்தான்.

முப்பது தடவை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு கை பிழையைத் தவிர்ப்பதில் மட்டும் குறியாக இருக்கும். ராகம் வெளியே போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று முழுப் பதிவுகள், பிறகு பிழை வந்த இடங்களை மட்டும் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முன்னாலிருந்து வாசித்துத் தனியே பதிவு செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் இடம் கமகத்தின் நடுவில் இருக்கக்கூடாது. அடுத்த மீட்டலுக்கு, அல்லது அடுத்த மூச்சுக்குச் சற்று முன்னால் வெட்டி, இரண்டு துண்டுகளையும் 10 மில்லி வினாடி ஒன்றன்மேல் ஒன்று மங்கிக் கலக்கவிடுங்கள். தம்பூராவோ சுருதிப் பெட்டியோ அதே மைக்கில் பதிவாகியிருந்தால் எந்த ஒட்டும் ஒட்டாது. வாத்திய ஒலி இணைந்துவிடும், சுருதி குதித்துக் காட்டிக்கொடுக்கும். சுருதியை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: இரவில் மட்டுமே எனக்கு நேரம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையில்லாமல் வயலின் வாசிக்க முடியுமா?

பதில்: வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் பொருத்தும் ரப்பர் மியூட் ஒலியைப் பெருமளவு குறைக்கும். விரல் பயிற்சிக்கு அது போதும். வில் பயிற்சிக்கும் பதிவுக்கும் ஆகாது.

கேள்வி: எனக்கு 12 வயது. என் எலெக்ட்ரானிக் கீபோர்டைக் கணினியில் பதிவு செய்ய மைக் வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. உன் கீபோர்டின் பின்புறம் யு.எஸ்.பி. துளை இருக்கிறதா என்று பார். இருந்தால், பெரும்பாலான கீபோர்டுகளில் அதன் வழியாகப் போவது ஒலியல்ல. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் அழுத்தினாய் என்ற குறிப்பு மட்டுமே. 1983-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மிடி என்ற முறை அது. ஒரு கட்டையைத் தவறாக அழுத்தியிருந்தால், திரையில் அந்த ஒரு கோட்டை மட்டும் மேலேயோ கீழேயோ இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பியானோவாக வாசித்ததைப் புல்லாங்குழலாகவும் மாற்றிக் கேட்கலாம். கீபோர்டின் சொந்த ஒலிதான் வேண்டும் என்றால், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸில் லைன் என்று குறித்த துளையில் சொருகு. மைக் துளையில் சொருகாதே. ஒலி முறிந்து கரகரக்கும். கீபோர்டின் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு, நீ வாசிப்பதிலேயே மிகப் பலமான இடத்தை முதலில் வாசித்து மானியைப் பார்த்துக்கொள்.